தமிழ் விக்கிப்பீடியாவை யார் நடத்துகிறார்கள்? அடிக்கடி காதில் விழும் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிகளுக்கும் ஊர் நூலகங்களுக்கும் விக்கிப்பீடியா பயிற்சி நடத்தப் போகும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. சில கேள்விகள் ரயிலில் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தவை, சில கல்யாணப் பந்தியில் வந்தவை. நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து "இன்னும் சரியாகச் சொல்லியிருக்கலாமே" என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைக்கிறேன். நான் அங்கே பல ஆண்டுகளாக எழுதிவரும் ஒரு பயனர். தமிழ் விக்கிப்பீடியாவின் சார்பில் பேசும் பதவி எனக்கு இல்லை. அப்படி ஒரு பதவியே அங்கே கிடையாது.

விக்கிப்பீடியா யாருடையது? கூகிளுடையதுதானே?

இல்லை. கூகிளில் எதைத் தேடினாலும் விக்கிப்பீடியா முதலில் வந்து நிற்பதால் இந்தக் குழப்பம். ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கியது. 2003ல் இதற்காக விக்கிமீடியா அறக்கட்டளை என்ற இலாப நோக்கற்ற அமைப்பு உருவானது. அதன் தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது.

வழங்கிகளை, அதாவது தளம் இயங்கும் சர்வர் கணினிகளைப் பராமரிப்பது, மென்பொருள் எழுதுவது, வழக்கு வந்தால் எதிர்கொள்வது எல்லாம் அறக்கட்டளையின் வேலை. கட்டுரைகளை அவர்கள் எழுதுவதில்லை. தமிழில் என்ன இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள்தான் தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள்.

தமிழில் இதை யார் ஆரம்பித்தது? அரசாங்கமா?

அரசாங்கம் இல்லை. 2003 செப்டம்பர் 30ஐத் தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளில் அது கிட்டத்தட்ட வெறும் பக்கம்தான். அதே ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர், அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்தார். பகலில் அலுவலகம், அப்புறம் கிடைத்த நேரத்தில் இடைமுகத்தைத் தமிழாக்குவது, கட்டுரை எழுதுவது என்று ஏறக்குறைய ஓராண்டு தனி ஆளாகவே இதை வளர்த்தார். பின்னால் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது.

தமிழில் கலைக்களஞ்சியம் என்றால் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிகள் நினைவுக்கு வர வேண்டும். முதல் தொகுதி 1954ல் வந்தது, பத்தாவது 1968ல். அதற்கு ஓர் அலுவலகம் இருந்தது, ஆசிரியர் குழு இருந்தது, எழுதித் தரும் அறிஞர்கள் இருந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இவை எதுவும் இல்லை. ஆனாலும் 2017ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?

ஒன்றும் கொடுப்பதில்லை. இதைச் சொன்னதும் பெரும்பாலும் அடுத்த கேள்வி, "அப்புறம் எதற்குச் செய்கிறீர்கள்?" ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். என் காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் தரங்கம்பாடிப் பக்கம். 2020 இறுதியில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. அதுவரை நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருந்த ஊர்ப் பக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. முதல் வரி, தகவற்சட்டம் (பக்க ஓரத்தில் உள்ள விவரப் பெட்டி), வரைபடம், பகுப்பு (பக்கத்தின் அடியில் வரும் வகைப் பெயர்) என்று ஒரு பக்கத்தில் நான்கைந்து இடம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து நானும் சிலரும் மாற்றிக்கொண்டே வந்தோம். ஒருநாள் என் அண்ணன் மகள் பள்ளிக்கூடச் செயல்திட்டத்துக்காக ஊரைத் தேடியபோது மாவட்டத்தின் பெயர் சரியாக இருந்தது. அதற்குப் பின்னால் நான் இருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த மாதிரிப் பராமரிப்பு வேலைதான் ஒரு கலைக்களஞ்சியத்தைத் தாங்கி நிற்கிறது. புதுக் கட்டுரை எழுதுபவரின் பெயர் வெளியே தெரியும். பகுப்புச் சேர்த்தவர், எழுத்துப் பிழை திருத்தியவர், உடைந்த இணைப்பை மாற்றியவர் பெயர் வரலாற்றுப் பக்கத்தின் அடியில் எங்கோ கிடக்கும்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கெடுக்கலாமே?

கெடுக்கலாம், கெடுக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் அரசியல்வாதிகளின் பக்கங்களைப் பாருங்கள். படம் வெளியாகும் வாரத்தில் நடிகர்களின் பக்கங்களைப் பாருங்கள். ஆனால் கெடுப்பதைவிடச் சரிசெய்வது சுலபமாக இருக்கும்படி மென்பொருளை அமைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு பதிவாகிறது. ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து கெடுத்ததை இன்னொருவர் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

சரி, கெடுத்தது எப்படித் தெரியும்? "அண்மைய மாற்றங்கள்" என்று ஒரு பக்கம் உண்டு. எந்த மூலையில் யார் எதைத் தொட்டாலும் அங்கே வரிசையாக விழும். அதைத் தினமும் திறந்து பார்க்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். இது தவிர ஒவ்வொருவருக்கும் ஒரு கவனிப்புப் பட்டியல் உண்டு. எனக்கு அக்கறை உள்ள பக்கங்களை அதில் வைத்திருப்பேன். யாராவது அவற்றில் கை வைத்தால் என் கண்ணில் படும்.

இது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். 2005ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ ஒரு பொய்யை எழுதி வைத்தார்கள். கென்னடி கொலைகளோடு அவரைத் தொடர்புபடுத்திய பொய் அது. ஏறக்குறைய நான்கு மாதம் யாரும் கவனிக்கவில்லை. யாருடைய கவனிப்புப் பட்டியலிலும் இல்லாத பக்கம்தான் ஆபத்தான பக்கம். தமிழில் அப்படி நிறையப் பக்கங்கள் இருக்கின்றன.

அப்படியானால் நம்பலாமா, நம்பக் கூடாதா?

அடிக்குறிப்பைப் பார்த்து நம்புங்கள். ஒரு வாக்கியத்தின் முடிவில் சிறிய எண் இருந்தால் அதைச் சொடுக்கி, எந்த நூல், எந்தச் செய்தி என்று பாருங்கள். எண்ணே இல்லாத பத்தியை ஊர்ப் பேச்சு போல எடுத்துக்கொள்ளுங்கள்.

2005ல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரிட்டானிக்காவிலிருந்தும் எடுத்து வல்லுநர்களிடம் கொடுத்தது. சராசரியாகக் கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. ஆங்கிலத்துக்கு அது நல்ல செய்திதான். ஆனால் அதைத் தமிழுக்குக் காட்டிப் பெருமைப்படக் கூடாது. அங்கே ஒரு பக்கத்தை ஆயிரம் கண்கள் பார்க்கும், இங்கே பார்ப்பது நாலைந்து கண்கள்.

சான்று சான்று என்று ஏன் உயிரை வாங்குகிறீர்கள்? எங்க ஊரைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் கோபம் எனக்குப் புரியும். நானும் கோபப்பட்டவன்தான். என் முதல் கட்டுரை எங்கள் ஊர் ஐயனார் கோயில் பற்றியது. "ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்தது" என்று எழுதினேன், ஏனென்றால் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மறுநாள் அந்த வரிக்குப் பக்கத்தில் "சான்று தேவை" என்று இருந்தது. என் பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதி வைக்கும் பக்கத்தில், ஒரு மூத்த பயனர் எழுதியிருந்தார்: "நல்ல தொடக்கம். தொடர்ந்து எழுதுங்கள். ஆயிரம் ஆண்டு என்பதற்கு நூல் அல்லது கல்வெட்டுச் சான்று கிடைக்குமா?" நான் மாவட்ட நூலகத்துக்குப் போய்த் தேடினேன். கிடைத்த ஒரே கல்வெட்டுக் குறிப்பு தஞ்சை மராத்தியர் காலத்தது. ஆயிரத்தை எடுத்துவிட்டு அதை எழுதினேன். எங்கள் கோயிலைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த முதல் செய்தி அதுதான்.

சான்று கேட்பது உங்களை நம்பாததால் அல்ல. நீங்கள் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. நாளை நீங்கள் விலகிப் போகலாம், இறந்தும் போகலாம். வாக்கியம் அங்கேயே இருக்கும். யாராவது அதைச் சோதிக்க வேண்டுமென்றால் எங்கே போவது என்று நீங்கள் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு நியாயமான வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அச்சில் ஏறாத அறிவு நம்மிடம் ஏராளம். நாட்டுப்புறக் கலைஞர்கள், மீனவர்களின் காற்றுக் கணக்கு, சின்னச் சின்னச் சாதிகளின் வழக்கங்கள் எல்லாம் யாரும் நூலாக எழுதாததால் உள்ளே வர முடியாமல் நிற்கின்றன. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அச்சில் ஏறியிருந்தவையும் போயின. அதனால்தான் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவாக்கி வரும் நூலகம் நிறுவனமும், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் எங்களுக்கு உயிர்நாடி போன்றவை. அங்கே ஒரு பழைய இதழ் ஏறினால் இங்கே பத்துக் கட்டுரைகளுக்கு அடித்தளம் கிடைக்கும்.

எங்க தாத்தாவைப் பற்றி எழுதினேன், மறுநாளே தூக்கிட்டாங்க. அவர் பெரிய மனுஷர் இல்லையா?

பெரிய மனிதராக இருக்கலாம். விக்கிப்பீடியா கேட்பது வேறு: அவரோடு தொடர்பில்லாத யாராவது அவரைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்களா? இதைக் குறிப்பிடத்தக்கமை என்கிறோம். முந்தைய பதிலில் சொன்ன சான்றுப் பேச்சுதான் இதற்கும் அடிப்படை. பேரன் எழுதியதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால் சரிபார்க்க வழி இல்லை.

இந்த விதியும் சில நேரம் தவறு செய்யும். 2018ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கு அறிவிக்கப்பட்ட அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் இல்லை. சில மாதங்களுக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த வரைவு, போதிய சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அவரைப் பற்றி வெளியே யாரும் அதிகம் எழுதாததன் விளைவு அது.

உங்கள் கட்டுரை நீக்கப்பட்டிருந்தால் சோர்ந்துவிடாமல் நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். பழைய நாளிதழில் இரங்கல் கட்டுரை வந்திருக்கிறதா, மாவட்ட வரலாற்று நூலில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் மீட்டுத் தருவார்கள்.

எனக்கு ஒரு பக்கம் போட்டுத் தர எவ்வளவு ஆகும்?

யாராவது உங்களிடம் தொகை சொன்னால் கொடுக்காதீர்கள். பணம் பெற்றுக்கொண்டு எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு நிபந்தனை. பணம் வாங்கி மறைவாக எழுதிய ஒரு கூட்டத்தை ஆங்கில விக்கிப்பீடியாவில் 2015ல் கண்டுபிடித்து 381 கணக்குகளைத் தடை செய்தார்கள். பணம் கொடுத்துப் போட்ட பக்கமும் மேலே தாத்தா கேள்வியில் சொன்ன அதே சோதனைக்குத்தான் வரும். நீக்கப்பட்டால் வாங்கியவர் திருப்பித் தர மாட்டார்.

நிர்வாகிகள் என்கிறார்களே, அவர்கள்தானே முதலாளிகள்?

கோயில் சாவி வைத்திருப்பவர் கோயிலுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். நிர்வாகியும் அப்படித்தான். பக்கத்தை நீக்குவது, பூட்டுவது, தொல்லை தரும் கணக்கைத் தடுப்பது ஆகியவற்றுக்கான பொத்தான்கள் அவரிடம் இருக்கும். அங்கே எழுதுகிறவர்களின் சமூகம் வாக்களித்து அந்த அனுமதியைக் கொடுக்கிறது. ஆனால் ஒரு கட்டுரையில் என்ன எழுதுவது என்ற விவாதத்தில் அவருடைய சொல்லுக்கும் நேற்று வந்தவருடைய சொல்லுக்கும் ஒரே எடைதான். சான்று யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம் சாயும்.

ஒரே விஷயத்தில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் தீர்ப்பு யார் சொல்வது?

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. படிக்கிறவர்களில் பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் விக்கிப்பீடியாவின் அச்சாணி அதுதான். மாற்றி மாற்றி அழிப்பதை நிறுத்திவிட்டு அங்கே வந்து பேச வேண்டும். கருத்து இரண்டாக இருந்து இரண்டுக்கும் சான்று இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும், யார் சொன்னது என்ற விவரத்தோடு. இதை நடுநிலை நோக்கு என்கிறோம். மன்னர்களின் பிறந்த ஆண்டு, சாதிப் பெயர்கள், இலங்கைப் போர் தொடர்பான எண்ணிக்கைகள், எல்லாமே இப்படித்தான் ஓரளவு அமைதிக்கு வந்திருக்கின்றன.

ஒரு கட்டுரைக்குள் அடங்காத பொது விஷயம் என்றால் "ஆலமரத்தடி"க்கு எடுத்துப் போவோம். அதுதான் எங்கள் பொது மன்றத்தின் பெயர். ஊர்ப் பஞ்சாயத்து போலவே சில பேச்சு ஒருநாளில் முடியும், சில பேச்சு மாதக்கணக்கில் இழுக்கும். வாக்கெடுப்பு கடைசி வழி. பெரும்பாலும் பேசிப் பேசியே ஒத்த கருத்துக்கு வரப் பார்ப்போம்.

இது யாருடைய தமிழ்? 'சூலை' என்கிறீர்கள், 'துடுப்பாட்டம்' என்கிறீர்கள், எங்கள் பாடப்புத்தகத்தில் அப்படி இல்லையே?

தமிழ் விக்கிப்பீடியாவின் நீளமான விவாதங்களில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும். தமிழ்நாட்டு மாணவர் ஹைட்ரஜன் என்று படிக்கிறார், யாழ்ப்பாணத்து மாணவர் ஐதரசன் என்று படிக்கிறார். ஒருவர் கிரிக்கெட் என்பார், மற்றவர் துடுப்பாட்டம் என்பார். ஒருவருக்கு ஆஸ்திரேலியா, மற்றவருக்கு அவுஸ்திரேலியா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள வழக்குகள் இன்னும் வேறு. இதற்கு மேல் கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற பழைய வழக்கு. ஜூலையா சூலையா என்ற கேள்வி அதிலிருந்து வருவது.

எல்லோருக்கும் ஒரே விதி என்று போட்டிருந்தால் பாதிப் பேர் முதல் ஆண்டிலேயே போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நடைமுறையில் செய்வது இதுதான். கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும். ஆனால் மற்ற பெயர்களிலிருந்து வழிமாற்று வைத்துவிடலாம். கிரிக்கெட் என்று தேடினாலும் துடுப்பாட்டம் பக்கத்துக்கே வந்து சேர்வீர்கள். முதல் வரியில் மற்ற வழக்கையும் குறிப்பிடுவோம். இலங்கை பற்றிய கட்டுரையில் இலங்கை வழக்கைத் தமிழ்நாட்டுக்காரர் மாற்றக் கூடாது, அதுபோலவே மறுபக்கமும். ஒருவர் ஒரு நடையில் எழுதி முடித்ததை, உங்கள் காதுக்குப் பழக்கமில்லை என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் சூலை பிடிக்காது, ஜூலை என்றுதான் எழுதுவேன். ஆனால் சூலை என்று எழுதுபவரோடு சேர்ந்து ஒரே கட்டுரையைப் பத்து நாள் உட்கார்ந்து செப்பனிட்டிருக்கிறேன். அவர் மட்டக்களப்பில், நான் சென்னையில். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஈழத்துத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் ஒரே பக்கத்தில் தினமும் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

கூகிள் மொழிபெயர்ப்பில் போட்டு ஒட்டினால் ஒரே மாதத்தில் பத்து லட்சம் கட்டுரை ஆகிவிடுமே?

கிட்டத்தட்ட இதை முயன்று பார்த்தாகிவிட்டது. 2009 வாக்கில் கூகிள் நிறுவனமே கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவி மூலம் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ஏற்றியது. நீண்ட கட்டுரைகள்தான். ஆனால் வாக்கியம் ஆங்கிலத்தின் முதுகெலும்போடு நின்றது. நமக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்புகள் நிறைய. எழுதியவர்கள் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள், உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது. வங்காள விக்கிப்பீடியர்கள் அவற்றை ஏற்க மறுத்தார்கள். தமிழில் நிறுவனத்தோடு பேச்சு நடத்தி, முதலில் இருப்பதைத் திருத்துங்கள், தலைப்பை எங்களோடு கலந்து தேர்ந்தெடுங்கள் என்று நிபந்தனை வைத்தார்கள். 2010ல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா என்ற விக்கிப்பீடியர்களின் உலக மாநாட்டில் இந்த அனுபவத்தைத் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் கட்டுரையாகவே வாசித்தார்.

எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் பிலிப்பைன்சில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அறுபது லட்சம் கட்டுரைகள், மிகப் பெரும்பான்மை ஒரே தானியங்கி (தானாகவே பக்கங்களை உருவாக்கும் நிரல்) எழுதியவை. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தது 2020ல்தான் வெளியே வந்தது. கேட்க ஆள் இல்லாததுதான் காரணம். கிரீன்லாந்து மொழியில் நிலைமை இன்னும் மோசம். இயந்திர மொழிபெயர்ப்புக் குப்பை பெருகியதால், அதைக் கவனித்துவந்த நிர்வாகியே மூடிவிடக் கேட்டார். 2025ல் மூட முடிவாயிற்று.

தானியங்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டு ஊராட்சிகள் பற்றிய ஆயிரக்கணக்கான பக்கங்கள் அரசு தந்த தரவிலிருந்து தானியங்கி கொண்டு உருவானவை. தரவு சரியாக இருந்தது, செய்தவருக்குத் தமிழ் தெரியும், முன்கூட்டியே ஆலமரத்தடியில் பேசினார்கள். வித்தியாசம் அதுதான்.

இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, இனி விக்கிப்பீடியா எதற்கு?

அந்த ஏஐ படித்த நூல்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. தமிழில் கேட்டால் அது தடுமாறுவதற்கு ஒரு காரணம், தமிழில் அது படிக்கக் கிடைத்தது குறைவு என்பது. நாம் எழுதுவதை நிறுத்தினால் அதன் தமிழும் அங்கேயே நிற்கும்.

எனக்கு உண்மையான கவலை வேறு. மனிதர்கள் பக்கங்களைப் பார்ப்பது முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்திருப்பதாக 2025ல் அறக்கட்டளை சொன்னது. பதில் வேறு திரையில் கிடைத்துவிடுவதால் ஆட்கள் இங்கே வருவதில்லை. வராதவர் பிழையைப் பார்க்க மாட்டார், "தொகு" பொத்தானையும் பார்க்க மாட்டார். நாங்கள் எல்லோரும் வாசகராக வந்து, ஒரு பிழையைப் பார்த்துத்தான் எழுத்தாளர் ஆனோம்.

போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் ஆட்கள் குவிவார்களே?

குவிவார்கள். 2010ல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது. 2017ல் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. வேங்கைத் திட்டம் என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கு இடையே நடந்த போட்டியில், 2019-20ல் தமிழ் முதலிடம் பெற்றது. எல்லாமே மகிழ்ச்சிதான்.

போட்டி முடிந்த மறுவாரம்தான் உண்மையான வேலை தொடங்கும். அவசரத்தில் எழுதியதைத் துப்புரவு செய்ய வேண்டும், எங்கிருந்தோ நகலெடுத்தவற்றைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது தொகுப்பவர்கள் தமிழில் சில நூறு பேர்தான். அவர்களிலும் தினமும் வருபவர்கள் கொஞ்சம். என் பயிற்சிக்கு முப்பது பேர் வந்து, ஓராண்டு கழித்தும் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பயிற்சி வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படித் தங்கியவர்களிடம் கேட்டால் பரிசைச் சொல்வதில்லை. முதல் தவறு செய்தபோது யார் எப்படிப் பேசினார்கள் என்பதைத்தான் சொல்கிறார்கள். என் ஐயனார் கோயில் கட்டுரையில் அந்த மூத்தவர் "சான்று இல்லை, நீக்கம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் இந்தப் பக்கத்தை நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாலு பேர் கூட்டு சேர்ந்து மொத்தத்தையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டால்?

நடந்திருக்கிறது. குரோவாசிய விக்கிப்பீடியாவில் தீவிர தேசியவாதக் கருத்துள்ள ஒரு சிறு நிர்வாகிக் கூட்டம் பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்தியது. எதிர்த்தவர்களைத் தடை செய்தார்கள், வரலாற்றைத் திரித்தார்கள். 2013ல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தார். 2020க்குப் பிறகுதான் பிற மொழிச் சமூகங்களின் உதவியோடு அது மீண்டது. நிர்வாகிகள் முதலாளிகள் அல்ல என்று மேலே சொன்னேன். அதை அவர்களுக்கு அவ்வப்போது நினைவூட்ட ஆட்கள் போதுமான அளவு இருந்தால்தான் அது உண்மையாக இருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் வெளியேறும் உரிமையும் இருக்கிறது. கட்டுரைகள் எல்லாம் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்துச் சென்று தனியாக நடத்தலாம். 2002ல் விளம்பரம் வரப் போகிறது என்ற பேச்சு எழுந்தபோது ஸ்பானிய மொழிக்காரர்கள் அப்படியே பிரிந்து போய்த் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். இன்றுவரை விக்கிப்பீடியாவில் விளம்பரம் இல்லை.

நீதிமன்றம் ஒரு பக்கத்தை எடுக்கச் சொன்னால் எடுப்பீர்களா?

எழுதியவர்களுக்கும் அறக்கட்டளைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரைக்காக 2024ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கைப் பற்றியே தன்னார்வலர்கள் எழுதிய ஆங்கிலப் பக்கத்தை எடுக்கும்படி அக்டோபரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, அறக்கட்டளை அதை முடக்கியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உயிரோடிருப்பவர்களைப் பற்றி எழுதும்போது சான்றில் இரட்டிப்புக் கவனம் வேண்டும் என்று பயிற்சிகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நன்கொடை கேட்டு அறிவிப்பு வருகிறதே, கொடுக்கலாமா?

விருப்பமிருந்தால் கொடுங்கள். அது அறக்கட்டளைக்குப் போகிறது, முதல் கேள்வியில் சொன்ன வேலைகளுக்கு. பணம் கொடுத்தவர் கட்டுரையில் எதையும் மாற்றச் சொல்ல முடியாது. தமிழுக்கு உடனடியாகத் தேவைப்படுவது உங்கள் நேரம்தான்.

எனக்கு வாரத்தில் அரை மணி நேரம்தான் கிடைக்கும். என்ன செய்யட்டும்?

உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறங்கள். மாவட்டமும் வட்டமும் சரியா என்று பாருங்கள். 2019ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து மாவட்டங்கள் பிறந்தன, இன்னும் பழைய மாவட்டப் பெயரோடு நிற்கும் பக்கங்கள் கண்ணில் படலாம். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்புச் சான்று இருக்கிறதா பாருங்கள். படம் இல்லையென்றால் ஏரியையோ கடைத்தெருவையோ நீங்களே எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். பேஸ்புக்கில் கிடைத்த படத்தை ஏற்றாதீர்கள், உரிமம் இல்லாததால் நீக்கிவிடுவார்கள்.

பயமாக இருந்தால் மணல்தொட்டியில் எழுதிப் பழகுங்கள். அது பழகுவதற்கென்றே உள்ள பக்கம், அங்கே எதை உடைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் ஒத்தாசைப் பக்கத்தில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். முடித்ததும், உங்கள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் அந்த ஊர்ப் பக்கத்தின் மேலே உள்ள நட்சத்திரக் குறியைச் சொடுக்குங்கள், அது உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும். அடுத்த வாரம் யாராவது அதில் எதையாவது மாற்றினால் உங்களுக்குத் தெரியும்.